குழிக்குள் தெரிந்த சிப்பி

முருகேசனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு குழியின் விளிம்புக்குப் போனார். கீழே அவருடைய தங்கை கணவர் ஏழுமலை கற்களின் மேல் குப்புறக் கிடந்தார்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் லேப் கெமிஸ்ட். அவர்கள் இருவரும் பிளான்ட் ஆபரேட்டர்கள். எங்கள் ஆசிட் கழிவுநீர், அதன் காரம் முறிவதற்காக, சுண்ணாம்புக்கல் நிரப்பிய குழி வழியாகப் போகும். கல் கரையக் கரையப் புதுக்கல் போடுவோம்.

அந்த முறை வந்த லோடில் புதைபடிவங்கள் நிறைய இருந்தன. அடையாளம் காண்பது சுலபம். கல்லைக் கழுவி, ஈரத்தோடு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உடைந்த பக்கத்தில் பிறை போன்ற வளைவுகள், விசிறி மடிப்பு போன்ற வரிகள், சுருள்கள் தெரிந்தால் அவை கடல் உயிர்களின் ஓடுகள். நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். சில ஓடுகள் மட்டும் சிலிக்காவாக மாறியிருக்கும், அவை கரையாது. சுற்றியிருக்கும் கல் கரைந்ததும் புடைத்து நிற்கும்.

அப்படி ஒன்றைத்தான் ஏழுமலை பார்த்தார். கல் மாற்றுவதற்காகக் குழியின் நீரை வடித்திருந்தோம்.

“மேடம், இங்க பாருங்க, உள்ளங்கை அகலத்துக்கு சிப்பி கீது. எடுத்தாரட்டா?”

“வேணாம் ஏழுமலை, இருங்க...”

அதற்குள் ஏணியில் இறங்கிவிட்டார். குனிந்தார். அப்படியே சாய்ந்தார்.

கல்லுக்கடியில் தங்கிய ஆசிட் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நுரையில் வருவது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனம். நிறமில்லாமல் குழியில் தண்ணீர் போலத் தேங்கும். அதை மூச்சில் இழுத்தால் சில நொடிகளில் நினைவு தப்பும்.

“உடு மேடம்! கண்ணு முன்னாடி சாவறான், புடிச்சிக்கினு நிக்கிறியே!”

“நீங்க எறங்கினா ரெண்டு பேரும் போயிடுவீங்க முருகேசா!”

என் சத்தம் கேட்டு ஆட்கள் காற்றடிக்கும் ப்ளோயரை உருட்டி வந்து ஹோஸைக் குழிக்குள் விட்டார்கள். சேஃப்டி ஆள் ஏர் சிலிண்டர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஏழுமலையின் முதுகு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. முருகேசனின் தங்கைக்கு என்ன சொல்வேன் என்று அந்த நேரத்திலேயே யோசித்தேன்.

பெல்ட் மாட்டித் தூக்கினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் வைத்த பிறகு இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் சட்டையை விட்டேன். விரல்கள் நிமிர மறுத்தன.

ஏழுமலை பிழைத்து வேலைக்கு வந்தார். முருகேசன் வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். குழியில் ஒருவர் விழுந்தால் இறங்காதீர்கள். பின்னால் ஓடி வருகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். திட்டுவார், அடிப்பார். விடாதீர்கள்.