ஓசித் துணிக்குக் கூலி

இலவசம் என்று யாராவது மைக்கில் சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. 'தையல் கூலி யார் தருவது?' என்று கேட்க வாய் துறுதுறுக்கும்.

நான் அப்போது ஐந்தாவது, அக்கா ஏழாவது. மைசூரில் எங்கள் ஏரியாவிலிருந்த அரசுப் பள்ளிக்கூடம், கன்னட மீடியம். தொண்ணூறுகளில் ஒரு ஜூன் மாதம், கழுத்தில் பூமாலையோடு கட்சிக்காரர் ஒருவர் வந்து வெயிலில் எங்களை உட்காரவைத்து நெடுநேரம் பேசிவிட்டு, ஆளுக்கொரு யூனிஃபார்ம் துணி கொடுத்தார். துணி மட்டும்! பொத்தான் கிடையாது, ஊக்கு கிடையாது, தைக்கக் கூலி கிடையாது. போதாக்குறைக்கு அந்த வருஷம் நிறத்தையும் மாற்றித் தொலைத்திருந்தார்கள். பழைய பச்சைப் பாவாடை இனி உதவாது. திங்கட்கிழமை முதல் நீலப் பாவாடை இல்லாதவர்கள் வகுப்புக்குள் வரக்கூடாதாம். அவசரமாகக் கையால் தைத்துப் போட்டுக்கொண்டு வந்த ஒருத்தியை, கோணலாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பினார்கள். துணி கொடுத்த புண்ணியவான்களுக்கு, அது தானாகப் பாவாடை ஆகிவிடும் என்று நினைப்பு போலும்.

அப்பா கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தார். அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, பேசியே எதையும் சாதித்துவிடலாம் என்று நம்புகிறவர். எங்கள் இருவரையும் துணிகளோடு தையல்காரரிடம் கூட்டிக்கொண்டு போனார். கொள்ளேகால்காரர், தமிழ் பேசுகிற நம் ஆள், பேசிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தைரியம் சொன்னார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா. கூலிய அடுத்த மாசம் தந்துடறேன்," என்றார் மாமா.

"ஏனுங்க, துணி ஓசி, சரி. நூலும் ஓசிங்களா? மிசினுக்கு எண்ண ஓசிங்களா? காலைல இருந்து வர்றவங்க அத்தன பேரும் இதே பாட்டத்தான் பாடறீங்க!" மிதிப்பதை நிறுத்தாமலேயே சொன்னார் தையல்காரர்.

மாமா விடவில்லை. அரைமணி நேரம் கெஞ்சினார், கிண்டல் செய்தார், உறவு கொண்டாடினார். கடைசியில் தையல்காரரே ஒரு வழி சொன்னார். ஒரு துணியைத் தைத்துத் தருவார். மற்றதை அவர் வைத்துக்கொள்வார். அதுதான் கூலி.

மாமா சட்டைப் பையை ஒருமுறை துழாவிப் பார்த்தார். அக்கா தன் துணியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இவளுக்கு அளவு எடுங்கண்ணா."

நான் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

திரும்பி வரும்போது அக்கா, தனக்குக் கணக்கு வரவில்லை, ஸ்கூல் போர், இனி அம்மாவோடு பத்தி உருட்டப்போவதாக மாமாவிடம் சொன்னாள். கணக்கு வரவில்லையாம்! என் வகுத்தல் கணக்குக்கெல்லாம் பத்தி உருட்டியபடியே வாயால் விடை சொல்கிறவள். கர்நாடகத்தில் அப்போது ஏழாவதுக்கே பப்ளிக் பரீட்சை; அந்த வருஷம் அவளுக்கு அது வேறு. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நான் வயிற்றுவலி என்று ஒரு நாள் படுத்தால் விளக்குமாற்றைத் தூக்கும் அம்மா, அக்காவை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ன அநியாயம் என்று நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து ஹெட்மிஸ் ரெஜிஸ்டரோடு எங்கள் வகுப்புக்கு வந்தார்.

"யாக்கே, நின்னக்கா பர்த்தில்லா?"

அக்கா ஏன் வருவதில்லை என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் துள்ளி எழுந்து கன்னடத்தில் சொல்லிவிட்டேன்: அவளுக்குக் கணக்கு வராது மிஸ், படிக்கப் பிடிக்கவில்லை, இனி வரவே மாட்டாள். வகுப்பே சிரித்தது. ஹெட்மிஸ் பேனாவைத் திறந்து, ஒரு பெயரின்மேல் நேராகக் கோடு இழுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, நான் எவ்வளவு வேகமாகப் பதில் சொன்னேன் என்பதை அக்காவிடம் நடித்தே காட்டினேன்.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்க" என்றாள், குச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.