மீனைத் தின்றது யார்?

இன்று மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் பஸ்ஸில் என் மகள் நிலாவுக்குப் படக்கதை வாசித்துக்கொண்டிருந்தேன். யுகேஜி படிக்கிறாள். எதற்கும் "ஏன்?" என்று கேட்டால் "அறியில்லம்மா" என்று, தெரியாது என்பதை மலையாளத்தில் சொல்லி முடித்துவிடுவாள். அதனால்தான் கொஞ்ச நாளாகக் கதையை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கிறேன்.

கதையில் வெளியே மழை. வீட்டுக்குள் தட்டில் இருந்த மீனைக் காணோம். கட்டிலில் பூனை தூங்குகிறது. வாசலில் நாய்க்குட்டி நிற்கிறது.

"யாரு தின்னிருப்பா?"

பக்கத்து சீட்டு சேச்சி முந்திக்கொண்டு பூனையைக் காட்டினார். "பூச்சதான் மோளே, சந்தேகமே இல்ல."

நிலா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அறியில்ல" வரப்போகிறது என்று நினைத்தேன்.

"பூனை இல்லம்மா. தரையில ஈரக் காலடி இருக்கு. பூனை நனையவே இல்ல. நாய்க்குட்டிதான் நனஞ்சிருக்கு."

அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடக்கிக்கொண்டு, "ஓ, அப்படியா?" என்றேன்.

தோப்பும்படி ஸ்டாப் வந்தது. சேச்சி எழுந்தார், ஆனால் இறங்கவில்லை. "பக்கத்தத் திருப்பு, பாத்துட்டுப் போறேன்."

திருப்பினேன். நாய்க்குட்டியின் வாயில் மீன் வால். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பாலம் தாண்டித்தான் சேச்சியால் இறங்க முடிந்தது. சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

நிலாவிடம் கேட்டேன். "அந்த ஆன்ட்டி ஏன் பூனைன்னு சொன்னாங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "அவங்க வீட்டுப் பூனை மீன் திருடும் போல."

உங்களில் யார் யார் வீட்டில் பூனை இருக்கிறது, சொல்லுங்கள்.