ஹவுஸ்ஃபுல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். ‘ஹவுஸ்ஃபுல் அண்ணன் எங்கே?’ என்று கேளுங்கள், வாசல் காவலாளிகூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவார். பொது அரங்கத்தின் பொறுப்பாளர் அவர். நாற்காலி போடுவது, சுவரொட்டி ஒட்டுவது, கதவில் நின்று ஆட்களை உட்கார வைப்பது எல்லாம் அவர் வேலை. நான் அதே அரங்கத்தில் மைக்செட்காரன். தலை நரைக்கும் அளவுக்கு ஒன்றாகக் குப்பை கொட்டியிருக்கிறோம். அதனால் அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

சின்னப் பல்கலைக்கழகம். மாதத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் நடக்கும். ஒரு பொதுச் சொற்பொழிவு, ஒரு கச்சேரி, சில சமயம் அக்கம்பக்கத்து மக்களுக்கு மருத்துவ விளக்கம். ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று போடுவோம். அனைவரும் எங்கே வருகிறார்கள்? ஒருமுறை அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பூச்சிகளைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் விமானம் ஏறி வந்தார். விரல்விட்டு எண்ணும்படி ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தர் ஏ.சி.க்காக வந்தவர். வண்ணத்துப்பூச்சி படம் வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன் இருந்தால் இப்படி நடக்காது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பியானோ கலைஞர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறார். ‘இனிமே இந்த ஹால்ல யாரையும் அழவிடக் கூடாது’ என்று அன்றே முடிவு கட்டிவிட்டாராம். நல்ல மனசுதான். ஆனால் வழி இருக்கிறதே, அதுதான் கோணல்.

மாணவர்கள் பருவத்துக்குச் சில பொது நிகழ்ச்சிகளுக்காவது வந்தாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வந்தால் வருகைப்பதிவு, வராவிட்டால் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். அண்ணன் விடுதிக் காப்பாளருக்கு ஒரு போன் போடுவார். சிறிது நேரத்தில் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். பாதி நிகழ்ச்சியில் வருகை எடுப்பார்கள். எடுத்ததும் பின்கதவு வழியாக இரண்டிரண்டு பேராக நழுவுவார்கள். அரங்கம் இருட்டு, மேடையில் நிற்பவருக்கோ கண்ணில் விளக்கு. ஒன்றும் தெரியாது. “அடேயப்பா, இவ்வளவு கூட்டமா!” என்று மேடையேறியவர்கள் பூரித்துப் போவார்கள். துணைவேந்தர் வைத்த பெயர்தான் ஹவுஸ்ஃபுல். அண்ணி மட்டும் நொடிப்பார்: “ஊருக்கெல்லாம் கூட்டம் சேப்பாரு. வீட்டுக்கு ரெண்டு பேர் வந்தா ரூமுக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவாரு.”

அவருக்கு ஒரே மகள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களை மறுபடி பேச வைக்கும் பயிற்சியாளர். மருத்துவமனையில் அவளுக்கு நல்ல பெயர். அவளையே பொதுச் சொற்பொழிவுக்கு அழைத்தது பல்கலைக்கழகம். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்டவனை எல்லாம் நிறுத்தி, “நான் நாற்காலி போடுற ஹால்ல எம் பொண்ணு பேசப்போறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு நாள் அரங்கத்தைப் பார்க்க வந்தாள். என்னிடம், “சித்தப்பா, நான் பேசறப்போ ஹால் லைட்ட அணைச்சிடாதீங்க. எனக்கு முகம் தெரியணும்” என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா, இந்தத் தடவ ஆள் புடிக்காதீங்க, சரியா? பத்து பேர் வந்தாலும் போதும். கேக்கணும்னு வர்றவங்க வரட்டும்.”

“சேச்சே! உனக்குப் போயி அப்படிச் செய்வேனாம்மா?”

என் காதால் கேட்டேன்.

நிகழ்ச்சி அன்று மதியம் அரங்கத்துக்கு வந்தேன். அண்ணன் நாற்காலிகளைப் பார்த்தபடி நடுவில் நின்றுகொண்டிருந்தார், முகம் வெளிறியிருந்தது.

“யாருமே வரலேன்னா என்னடா பண்றது? எம் பொண்ணு ஈ ஓட்டிக்கிட்டு நிப்பாளே.”

“அதான் அவளே வேண்டாம்னு சொல்லிட்டாளேண்ணே.”

“அவளுக்கு என்ன தெரியும்? காலி நாற்காலியப் பாத்துப் பேசறவங்க மூஞ்சிய அவ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்.”

சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார். ஒரு விடுதி போதாதென்று இரண்டாவது விடுதிக்கும் போட்டார். விளையாட்டு ஆசிரியரிடம் கால்பந்து அணியையும் கேட்டார். “எக்கேடோ கெட்டுப் போங்க” என்று நான் வயரை இழுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

மாலையில் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அரங்கம் நிரம்பி வழிந்தது. இடம் நிறைந்தால் கதவை மூடிவிட வேண்டும், யாரையும் நிற்கவிடக் கூடாது, அது தீயணைப்புத் துறை போட்ட விதி. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவருகே நின்றார். மகள் மேடையேறினாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை, புருவம்தான் சுருங்கியது. ஆனாலும் பேச ஆரம்பித்தாள்.

என் ஒலியறை கதவை ஒட்டி இருக்கிறது, பக்கவாட்டில் கண்ணாடி. காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் வெளியே நடந்தது எனக்குக் கேட்கவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தது. கைத்தடியோடு ஒருத்தர் வந்தார். சக்கர நாற்காலியில் ஒரு அம்மாவை மகன் தள்ளிக்கொண்டு வந்தான். இன்னும் சிலர், யாராவது தோளைப் பிடித்தபடி, படிகளில் நின்று நின்று ஏறி வந்தார்கள். அவர்களால் சீக்கிரம் வர முடிந்தால்தானே! அண்ணன் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி ஏதோ சொன்னார், எல்லாரும் திரும்பி நடந்தார்கள்.

கடைசியாக ஒருத்தர் மனைவியோடு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அண்ணனுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வந்த மாதிரி தெரியவில்லை. உள்ளே அப்போதுதான் கைதட்டினார்கள், அண்ணனின் கவனம் முழுக்க அங்கே போய்விட்டது. அந்த மனிதரின் தோளைத் தட்டி, தலையை ஆட்டி, கதவைச் சாத்திவிட்டார். அப்போது என்ன சொன்னார் என்பதைப் பிறகு அண்ணனே என்னிடம் சொன்னார்: “புரியுதுங்க, புரியுது. இடமில்ல.”

என்ன புரிந்தது? ஒரு மண்ணும் புரியவில்லை.

சிறிது நேரத்தில் வருகை எடுத்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல எழுந்தார்கள். ஆனால் அன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதுகை வளைத்துக்கொண்டு வரிசை வரிசையாக அவர்கள் நழுவுவதை மேடையில் நின்று அவள் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் தடுமாறுவது ஹெட்போனில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கே முகம் எரிந்தது. கால்பந்து அணி மொத்தமாகக் கிளம்பியபோது நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. மிஞ்சியது அண்ணியும் சில பேராசிரியர்களும்தான்.

“இப்ப ஒருத்தர் பேசப்போறார்” என்றாள் மகள். “தையல்காரர். போன வருஷம் எங்ககிட்ட வந்தப்போ அவருக்கு ஒரு வார்த்தகூட வரல. இன்னைக்கு உங்க முன்னாடி பேசறேன்னு சொல்லியிருக்கார்.” கண்களால் வரிசை வரிசையாகத் தேடினாள். “ஐயா, வந்திருக்கீங்களா?”

அவருக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியே இருக்காது. அந்த அரங்கத்தில் இடத்துக்கா பஞ்சம்?

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். கதவுப் பிடியைப் பிடித்தபடி மரம்போல் நின்றிருந்தார்.

“அப்பா” என்று மைக்கிலேயே கூப்பிட்டாள். “வெளிய யாராவது வந்தாங்களா?”

இருந்த எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் அசைந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். நானும் ஹெட்போனை வீசிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மற்றவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். தையல்காரரும் அவர் மனைவியும் மட்டும் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மூச்சிரைக்கக் கைகூப்பினார்.

“வாங்கய்யா, உள்ள வாங்க. தெரியாமப் போச்சு.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். “வேண்டாங்க. பேச வந்திருக்கறத உங்ககிட்ட அவரே சொல்லணும்னு என் கையப் புடிச்சு அமுக்கினாரு, அதான் நான் வாயத் திறக்கல. பேச்சு அங்கேயே நின்னுபோச்சு. இன்னைக்கு இனிமே வராது.”

தையல்காரர் மனைவியின் கையை விலக்கினார். அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். உதடு கோணிக் கோணி, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“பாப்பாவுக்கு... நல்ல... கூட்டமா?”

“அவருக்கு ஒரே சந்தோஷங்க” என்றார் அந்த அம்மா. “நமக்கே இடமில்லாத அளவுக்கு அந்தப் பொண்ணு பேச்சக் கேக்க வந்திருக்காங்களேன்னு.”

அண்ணன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்திருக்கும். நானாக இருந்தால் ‘ஆமாம்’ என்று தலையாட்டித் தப்பித்திருப்பேன். அவர் தப்பிக்கவில்லை, அதற்காக ஒரு மரியாதை கொடுக்கலாம்.

“கூட்டமெல்லாம் இல்லீங்க. நான் மிரட்டி உக்கார வெச்ச பசங்க. எம் பொண்ணு பேச்சக் கேக்க வந்தது நீங்கதான். உங்களத்தான் நான் வெளிய அனுப்பிட்டேன்.”

தையல்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் திரும்பினேன். மகள் வந்து நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருப்பாள். அவள் எங்களைத் தாண்டிப் போய்ப் பலகையில் தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஐயா, எனக்குச் சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

அவர் அண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

“அப்பா” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. “நீங்க உள்ள போயிடுங்க. நீங்க நின்னா அவருக்கு வார்த்த வராது.”

அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். நானும் கூட நடந்தேன். எங்களுக்குப் பின்னால் அந்தக் குரல் திக்கித் திக்கித் தொடங்கியது கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தையல்காரர் அன்று என்ன பேசினார் என்று அண்ணன் இன்றுவரை மகளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.