சமையலுக்கு வந்த கேப்டனம்மா

அடுப்பில் முட்டை கருகிக்கொண்டிருந்தது. கேப்டனம்மா ஜன்னல் வழியாகக் காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக வாடகைப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர். எவ்வளவு நெருக்கடியான துறையிலும் ஒரு கீறல் விழாமல் படகைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். சமையல் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது.

அவரைப் போய், இந்த வாரம் ஒரு மாப்பிள்ளை, சமையல்காரி என்று சொல்லிப் படகில் ஏற்றியிருந்தார். கல்யாணமான புதிதில், தனக்குப் படகோட்டத் தெரியும் என்று மாமனாரிடம் அளந்துவிட்ட மனுஷன் அவர். பத்து வருடம் கழித்து மாமனார், ஓட்டித்தான் காட்டுங்களேன் என்று குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பிவிட்டார். உண்மை தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்று மாப்பிள்ளை, படகை வாடகைக்குப் பேச வந்த இடத்தில் கேப்டனம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். கேப்டனம்மா மனமிரங்கினார்.

"சரி, சமையல்காரியாவே வர்றேன். ஆனா ஆபத்துன்னா படகைத் திருப்புற சக்கரத்தை உங்ககிட்டேயிருந்து பிடுங்கிடுவேன். அப்ப யாரு பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை."

மூன்று நாள் ஓடியது. கேப்டனம்மா சூப்பில் தொட்டு நக்கிய விரலையே வெளியே நீட்டி, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். வெங்காயக் கூடையோடு மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம் போய் நின்று, "இடது, இன்னும் இடது" என்று முணுமுணுப்பார். யாரிடம் பேசுகிறாய் என்று மாமியார் கேட்டதற்கு, தனியாகப் பேசுவது தன் வழக்கம் என்றார். அந்த அம்மாள் அன்றிலிருந்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மாமனார் கருகியதையெல்லாம் மென்று விழுங்கினார். ஒரே ஒரு தடவை மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தம்மாவை எதைப் பார்த்துப்பா வேலைக்கு வெச்சீங்க?" என்று கேட்டார்.

நாலாம் நாள் மாலை, துறைக்குள் நுழையும்போது பக்கவாட்டில் காற்று தூக்கியடித்தது. இரண்டு பெரிய படகுகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி. குடும்பமே மேல்தளத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை சக்கரத்தைத் திருப்பாமல் பிடித்தபடியே நின்றுவிட்டார், பாவம். முணுமுணுப்பு எதுவும் காதில் ஏறவில்லை. படகு நேராகப் பக்கத்துப் படகின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"தள்ளுங்க" என்று அவரை ஓரங்கட்டிவிட்டு, மாவு ஒட்டிய கையாலேயே கேப்டனம்மா சக்கரத்தைப் பிடித்தார். நிமிர்ந்தால், நேர் எதிரே மாமனார். சக்கரத்தையும் மாவுக் கையையும் ஓரத்தில் கூனிக்குறுகி நின்ற மாப்பிள்ளையையும் அவர் ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

பிறகு தன் குடும்பத்தின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் அங்க பாருங்க, எவ்வளவு பெரிய பறவை!"

மகள், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் அவர் விரல் காட்டிய பக்கம் திரும்பினார்கள். அங்கே வெறும் வானம். கேப்டனம்மா படகை இடைவெளிக்குள் நிறுத்தி, கயிறு கட்டி முடிக்கும்வரை மாமனார் நீட்டிய கையை இறக்கவே இல்லை.