காத்தமுத்துவின் பஸ் பாஸ்

'காத்தமுத்து, ஆண், தோட்டத் தொழிலாளி' என்றது பஸ் பாஸ். படத்தில் மீசையும் இருந்தது. அதை நீட்டியவள் அவர் மனைவி இருளாயி. பாஸ் மாதக் கடைசிவரை செல்லும். காத்தமுத்துதான் பாதியிலேயே செத்துப்போனார். எஸ்டேட்டை விட்டு அவள் முதன்முறையாக பஸ் ஏறியிருந்தாள். நடுவழியில் இறக்கிவிட்டால் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் புதிதாகக் கிடைத்த வேலை போய்விடும்.

கண்டக்டர் அட்டையைத் தொடவேயில்லை. அவளருகே காலியாக இருந்த ஜன்னலோர இருக்கையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அண்ணன் பாஸு சரிதான்லா. ஒங்க டிக்கெட் எங்கக்கா?"

"எந்த அண்ணன்?"

"பக்கத்துல ஒக்காந்து வெளிய பாத்துக்கிட்டு வராரே! என்னக்கா, சண்டையா?"

மழைக்கு மூடிய கண்ணாடியில், யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு வட்டம் பனித்திருந்தது.

இருளாயி கையிலிருந்த கடைசிக் காசில் தனக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு, ஜெலாப்பாங் வரை நின்றுகொண்டே போனாள்.