நான் வாதாடி வென்ற நான்கு பிளக்குகள்

எங்கள் வீட்டில் எந்தத் தீர்மானமும் விவாதமின்றி நிறைவேறுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியை மாற்றுவதா, வெள்ளவத்தையை விட்டுத் தெஹிவளைக்குக் குடிபெயர்வதா, எதுவானாலும் ஒரு தரப்புக்கு மூன்று நிமிடம். அம்மா நடுவர். நேரம் முடிந்ததும் எவர்சில்வர் தம்ளரில் கரண்டியால் ஒருமுறை தட்டுவார். அதன்பின் எவரும் வாய் திறக்கக்கூடாது. பாடசாலை விவாத அணிக்கு நான் தலைமை தாங்கிய காலத்தில் இந்த வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்து, தட்டவேண்டிய கணத்தை அம்மாவுக்குச் சைகையால் உணர்த்தும் பொறுப்பும் என்னுடையதே.

அக்காவின் காருக்கு, எஞ்சினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் எது என்ற கேள்வியும் அந்த மேசைக்குத்தான் வந்தது.

அக்கா வங்கியொன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய சிறிய ஜப்பானியக் காரின் எஞ்சினுக்கு டர்போ பூட்டி, இரண்டு வருடமாக அதை மாற்றியமைத்து வந்தவர் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். அக்காவின் வயதுதான் அவருக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது டர்போவின் வேலை. வேகமும் கூடும், வெப்பமும் கூடும். மலைப்பாதைப் பந்தயமொன்றில் அக்கா முதன்முறையாக ஓடப் பதிந்திருந்தாள். அதற்கு எட்டு நாள் இருக்கையில் மெக்கானிக் காரை எங்கள் தொடர்மாடியின் கீழே நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்க மேலே வந்தார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு மிஸ். பிளக் மட்டும் புதுசு போடணும்."

"கனகாலம் நிக்கிறதாப் போடுங்கோ," என்றாள் அக்கா. "அடிக்கடி கழட்டிக்கொண்டு இருக்கேலாது."

நான் காத்திருந்த வாய்ப்பு அதுதான். முதல்நாளே உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் நான்கு இரிடியம் பிளக்குகள் வாங்கி வைத்திருந்தேன். அந்த வகைக் காருக்கென்றே தயாரிப்பாளர் பரிந்துரைத்தவை. பெட்டியை மேசையில் வைத்து எழுந்து நின்றேன். ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் காட்டினேன். முனைகளுக்கிடையிலான இடைவெளி தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டது, அதைத் தொடவேண்டாம் என்ற வரியை இருமுறை, குரலைத் தாழ்த்தி ஒருமுறையும் உயர்த்தி ஒருமுறையும் வாசித்தேன். மூன்றாம் நிமிடத்தின் கடைசி வினாடியில் அமர்ந்தேன்.

மெக்கானிக் உட்கார்ந்தபடியே பேசினார். வாக்கியத்துக்கு வாக்கியம் தேநீரை உறிஞ்சினார்.

"நல்ல பிளக்தான் தம்பி, குத்தம் சொல்லல. ஆனா இது கம்பெனி எஞ்சினுக்குச் செஞ்சது. நம்ம எஞ்சின்ல சூடு கூட. அந்தச் சூட்ட வேகமா வெளிய தள்ற பிளக் வேணும். ஒரு நம்பர் கூலா. முனைக்கு நடுவுல இருக்கிற கேப்பையும் நெருக்கணும், இல்லாட்டி அந்தக் காத்துல நெருப்பு அணைஞ்சிரும். இப்ப நா என்ன சொல்ல வாறேன்னா..."

அவர் குனிந்து காலடியில் கிடந்த பைக்குள் கையை விட்டார். நான் சைகை காட்டினேன். அம்மா தட்டினார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க."

"நேரம் முடிஞ்சுது," என்றேன்.

அவர் வெறுங்கையை வெளியே எடுத்துச் சிரித்தார். "டீ குடிக்க வந்தவனக் கோர்ட்டுல ஏத்திட்டீங்களே!"

அம்மா எனக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். "தம்பி சொன்னதுக்கு எழுத்தில ஆதாரம் இருக்கு."

அக்கா ஒரு கணம் தயங்கிப் பின் தலையசைத்தாள். கீழே போய் நான்கையும் பூட்டிய மெக்கானிக், பொனற்றை மூடும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "மிதிக்கிறப்ப டின்னுக்குள்ள கல்லு குலுங்குற மாதிரி சத்தம் வந்தா ஒடனே கால எடுத்துருங்க மிஸ். ஒடனே."

ஏழு நாள் கொழும்பு நெரிசலுக்குள் கார் சாதுவாக ஓடியது. எட்டாம் நாள் பந்தயம். அதற்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, அதிவேகப் பாதையில் ஒருமுறை முழுதாக மிதித்துப் பார்க்க அக்கா புறப்பட்டாள். நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

கொட்டாவை வாசலில் ஏறி நேரான பாதைக்கு வந்ததும் மிதித்தாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் கார் இரண்டு தரம் திணறிற்று. பிறகு சீறிப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலுக்குள் அந்தச் சத்தம் இருந்தது. மெல்லியது, உலர்ந்தது, விரைவானது. டின்னுக்குள் கல்.

"கேட்டதோ?" என்றாள் அக்கா, காலைத் தளர்த்தி.

கேட்டது. அது என்னவென்று அந்த வினாடியிலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாய் எனக்கு முன்னே புறப்பட்டுவிட்டது.

"றோட்டுச் சத்தம் அக்கா. டயர் புதுசு. போனகிழமை பூட்டின எக்ஸோஸ்ட் வேற. அவர் சொல்லிப் பயப்படுத்தினபடியால்தான் உனக்கு அப்பிடிக் கேக்குது."

மூன்று காரணங்கள், ஒரே மூச்சில், வரிசை தவறாமல். மேடையில் கைதட்டு விழுந்திருக்கும். அக்கா என்னை நம்பினாள். மறுபடி மிதித்தாள்.

கற்கள் பெருகின. வேகமுள் ஏறிக்கொண்டே போனது. நான் இருக்கைப் பட்டியைப் பற்றிக்கொண்டேன். இன்னும் எத்தனை வினாடி பொறுத்தால் என் வாதம் தப்பிக்கும், எத்தனை வினாடியில் எஞ்சின் போகும் என்று நான் கணக்கிட்டதை இன்று எழுதவும் கூசுகிறது.

"காலை எடு!"

"இப்பதானே றோட்டுச் சத்தம் எண்டனீ?"

"பொய் சொன்னனான். எடு அக்கா, எடு!"

அவள் எடுத்தாள். ஓரமாக, பாரவூர்திகளும் எங்களை முந்திச் செல்ல, அடுத்த வெளிவாசல்வரை ஊர்ந்தோம். அங்கிருந்து அவள் காரை மெதுவாகக் கொட்டாஞ்சேனைக் கராஜுக்கு விட்டாள்.

மெக்கானிக் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய துணியில் வரிசையாக வைத்தார். நான்கின் பீங்கானும் சூட்டில் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. நான்காவதில் மிளகுப்பொடி தூவியதுபோல் பளபளக்கும் புள்ளிகள்.

"இது என்ன?" என்றாள் அக்கா.

"பிஸ்டன், மிஸ். உருகித் தெறிச்சிருக்கு."

அழுத்தமானியை ஒவ்வொரு சிலிண்டராகப் பொருத்தினார். அக்கா சாவியைத் திருப்பினாள். நான் முள்ளைப் பார்த்துச் சொன்னேன். நூற்றைம்பத்தைந்து. நூற்றைம்பத்தைந்து. நூற்றைம்பது. நான்காவதில் முள் நூற்றிருபதில் நின்றது. இன்னொரு தரம் திருப்பச் சொன்னேன். நூற்றிருபதுதான்.

"நாளைக்கு ஓடலாமோ?" அக்காவின் குரல் மிகத் தணிந்திருந்தது.

"ஓடலாம் மிஸ். பாதி மலையில நிக்கும். மிச்சமிருக்கிற மூணும் சேர்ந்து போயிரும். தெறந்து பிஸ்டன மாத்தணும். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

பிறகு தன் பையை இழுத்து, பிரிக்காத பெட்டியொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதே தயாரிப்பு, அதே இரிடியம். எண் மட்டும் ஒன்று வேறு.

"இதுவும் மிஸ் கேட்ட மாதிரி நாள்பட நிக்கிறதுதான் தம்பி. ஒரு நம்பர் கூலு. அன்னைக்கு இதக் காட்டத்தான் பைக்குள்ள கைய விட்டேன். உங்கம்மா தட்டிட்டாங்க."

மௌனமாக இருந்திருக்கலாம். கேட்பதற்கு எவருமில்லை, கைத்தொலைபேசியை அன்று பார்த்தவன் நான் மட்டுமே.

"நேரம் முடியேல்லை," என்றேன். "இன்னும் பதினொரு செக்கன் இருந்தது. நீங்கள் பைக்குள்ள கையை விட்டதைப் பாத்திட்டுத்தான் கையைக் காட்டினனான்."

மெக்கானிக் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தார். அக்கா வெளுத்த பிளக்கைச் சற்றுநேரம் விரல்களுக்கிடையில் உருட்டினாள். பின்னர் தன் தொலைபேசியில் பந்தய அமைப்பாளரின் இலக்கத்தை அழுத்தி என்னிடம் தந்தாள்.

"நாங்கள் வரேல்லையெண்டு சொல்லு. உனக்குத்தானே கதைக்கத் தெரியும்."

மறுமுனையில் சிங்களத்தில் பேசினார்கள். நான் பரிசு எதுவும் வாங்கியிராத மொழி அது. எஞ்சின் பழுதாகிவிட்டது, நாளை எங்கள் கார் வராது என்றேன். எப்படி என்று கேட்டார்கள். பிளக் பிழை என்றேன். இவ்வளவு செலவழித்து மாற்றிய எஞ்சினுக்குப் பிழையான பிளக்கை யார் தெரிவு செய்தது என்று அந்தக் குரல் வியப்போடு கேட்டது.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மம," என்றேன். நான்.