மர ரீலும் ஆறு இழை நூலும்

நாற்பத்து மூன்று பவுண்டு சால்மன் ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெண்கல வில்லை. எடைக் கொட்டகைச் சுவரில் ஒரு புகைப்படம். அதில் வில்யோவின் தலை பாதி வெட்டுப்பட்டு, மீன் மட்டும் முழுசாக விழுந்திருக்கும். பெரிய புத்தகத்தில் ஒரு வரி. வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சிய ஒருவன் கெட்டில் விரிகுடாவில் வென்றவை இவைதான். இவ்வளவுதானா என்று யாராவது கேட்டால், ஐலி கங்காஸ் காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.

வில்யோ அவளுக்கு ஆறு வயது இளைய தம்பி. பதினைந்து வயதில் மர ஆலை வாள் அவனுடைய மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. கையெழுத்து என்று ஒன்று போடும் வயது வருவதற்குள் எழுதும் கை போய்விட்டது. அதன்பின் எந்தக் காகிதமானாலும் அவன் ஒரு பெருக்கல் குறி போடுவான், பக்கத்தில் ஐலி அவன் பெயரை எழுதுவாள். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது.

கோடையில் நடக்கும் சால்மன் பந்தயத்தின் சட்டங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இயந்திரம் கூடாது. ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் தூண்டிலைப் படகின் பின்னால் இழுத்துவர வேண்டும். துடுப்புக்காரர் தூண்டில் கோலைத் தொட்டால் மீன் தள்ளுபடி. நூல் இருபது பவுண்டுக்கு மேல் தாங்கினாலும் தள்ளுபடி. முப்பது பவுண்டுக்கு மேல் மீன் கொண்டுவந்தவர் பெரிய புத்தகத்தில் தன் கையாலேயே பெயர் எழுத வேண்டும். வேறொருவர் கை படாத அந்த ஒரு வரிக்காகத்தான் வில்யோ ஆசைப்பட்டான்.

முதல் கோடையில் எல்லோரையும் போல, தூண்டில் நூலைச் சுற்றப் பல்சக்கர ரீல் வாங்கினான். அதன் கைப்பிடி வலப்பக்கம், மாற்றவும் முடியாது. இரண்டு விரலுக்குள் அது நிற்கவில்லை. நல்ல மீன் ஒன்று போயிற்று.

அடுத்த கோடையில் அப்பாவின் மர ரீலைப் பரணிலிருந்து இறக்கினான். அதற்குப் பல்சக்கரமும் கிடையாது, நூல் ஓடுவதை மட்டுப்படுத்தும் தடையும் கிடையாது. திருப்பி மாட்டினால் கைப்பிடி இடப்பக்கம் வந்துவிடும். மீன் ஓடும்போது கைப்பிடி விசிறிபோலச் சுழன்று விரல் முட்டிகளைப் பேர்த்துவிடும் என்பதால் ஊரார் அந்த வகையையே கைவிட்டிருந்தார்கள்.

"விரல் பத்திரம்டா," என்றாள் ஐலி.

"எந்த விரல்?" என்று கையை நீட்டிக் காட்டிச் சிரித்தான் வில்யோ. "அது அடிக்கிற இடத்துலதான் எனக்கு ஒண்ணுமே இல்லியே. எனக்குன்னே செஞ்ச ரீல் அக்கா இது!"

உண்மைதான். தோல் உறை போட்ட அந்த மொட்டை உள்ளங்கையை ரீலின் விளிம்பில் வைத்து அழுத்தினால், எந்தத் தடையும் அவ்வளவு இதமாக மீனைப் பிடிக்காது. ஆனால் அதில் புதிதாக வந்த தங்கூசி என்ற நைலான் நூலைச் சுற்றியதுதான் தப்பு. தங்கூசி ரப்பர் மாதிரி நீளும். நீண்டபடியே சுற்றிக்கொண்டால் பிறகு சுருங்கி உள்ளுக்குள் நெரிக்கும். பெரிய மீனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியபின் ரீலின் பக்கப்பலகை 'டப்'பென்று பிளந்தது. வில்யோ அதைப் பசைபோட்டு ஒட்டி, பித்தளைப் பட்டை அடித்தான். ஆளிச்செடி நாரில் திரித்த அப்பா காலத்து நூலுக்கே திரும்பினார்கள்.

ஆளிநார் நீளாது. ஆனால் ஈரத்தோடு விட்டால் மக்கிவிடும். தினமும் ஐலி அதை நல்ல தண்ணீரில் அலசி, நீராவிக் குளியல் கொட்டகையின் முன்னறையில் நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கட்டிக் காயவைப்பாள். குளிக்க வருகிறவர்கள் குனிந்து, தாண்டி, திட்டிக்கொண்டே போவார்கள்.

ஆறு இழையா, ஒன்பது இழையா என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. பாகு டப்பாவில் ஆணிகளை நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்தான் வில்யோ. ஆறு இழை பதின்மூன்று பவுண்டில் அறுந்தது. ஒன்பது இழை பத்தொன்பதில்.

"ஒம்போதுதான். இருவதுக்குள்ளதானே நிக்குது?"

"நீ மீனை அடுப்படியிலயா பிடிக்கப் போறே? நனைச்சுப் பாரு."

"நனைச்சா நூல் நைஞ்சுதானே போகும்?"

"தங்கூசி நையும். இது இறுகும்டா, மண்டு."

நனைத்துத் தொங்கவிட்டாள். ஒன்பது இழை இருபத்தாறு பவுண்டு வரை அசையாமல் தொங்கியது. ஆறு இழை பதினெட்டில் அறுந்தது. வில்யோ ஆணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். "உன்னைக் கட்டிக்கிறவன் பாவம்," என்று மட்டும் சொன்னான்.

மூன்றாம் கோடையில், ஒரு ஞாயிறு காலை, ஐலி துடுப்புப் போட்டுக்கொண்டிருக்க, கடல் நீரோட்டம் திரும்பும் நேரத்தில் கோல் வளைந்தது. இழை மெல்லியது, இழுத்து நிறுத்த முடியாது. மீன் ஓட ஓட வில்யோ இடக்கையில் கோலைப் பிடித்து, வலது உள்ளங்கையால் ரீலைத் தடவிக் கொடுத்தான். அது ஓய்ந்ததும் கோலை வலக்கை மடிப்பில் இடுக்கி இடக்கையால் சுற்றினான். ஒருமுறை கோல் நழுவி அவள் முழங்காலுக்கு எதிரே சாய்ந்தது. பிடித்துவிடலாம். ஐலி துடுப்புகளை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுக்குத் தள்ளினாள். அவனே எட்டிப் பிடித்தான். மீன் படகுக்குள் வர ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆயிற்று. அவள் மணி பார்த்து வைத்திருந்தாள்.

எடைக் கொட்டகையில் பிரிச்சர்ட் என்ற பெரியவர் மீனை நிறுத்தார். நாற்பத்து மூன்று. பிறகு நூலில் பத்தடி வெட்டி வாளித் தண்ணீரில் போட்டார். வில்யோ அக்காவைப் பார்த்தான். அக்கா வாளியைப் பார்த்தாள். ஊறிய நூலில் எடைகளை ஒவ்வொன்றாக மாட்டினார். பதினெட்டில் அறுந்தது.

"சரியா இருக்கு," என்று பெரிய புத்தகத்தைத் திறந்தார் பிரிச்சர்ட். அவன் கையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா எழுதட்டுமே தம்பி, யாரு கேட்கப் போறாங்க?" என்றார்.

பதினோரு வருஷப் பழக்கம். ஐலியின் கை அதற்குள் பேனாவை எடுத்துவிட்டிருந்தது.

"அக்கா, துடுப்புக்காரி தொட்டா மீன் தள்ளுபடி," என்றான் வில்யோ. "குடு இங்க."

இடக்கையில் வாங்கினான். ரீலைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன அந்தக் கை முதலில் மையைச் சிந்தியது. எழுத்துகள் அலையில் படகுபோல ஏறி இறங்கின. வில்யோ கங்காஸ். ஒரு எழுத்தும் விடவில்லை. ஐலி எண்ணிப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்தில் நாளையும் அவனே எழுதினான்: 1956, ஆகஸ்ட் 19.